மூன்றாவது படம் வாய் திறக்கவில்லை

போன மாதம் செல்வி போன் செய்தாள். பழைய வீடுகளை வெளியூர்க்காரர்களுக்குச் சுற்றிக் காட்டும் ஒரு சின்ன நிறுவனத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண். பழங்கதை ஏதாவது தேவைப்பட்டால் என்னைக் கூப்பிடுவாள். நானும் தேவைக்கு மேல் சொல்வேன்.

"அங்கிள், காஜா பெராங்ல ஒரு பழைய வீட்டுக்கு சிஸ்டம் செய்றோம். போனை எடுத்து சுவத்துல இருக்கிற படத்துக்கு முன்னால காட்டினா போதும், அந்தப் படத்தோட கதையை அதுவே பேசும். மலாக்காவுலேயே இதுதான் முதல் தடவை லா."

எந்த வீடு என்று கேட்டேன். செட்டிக் கம்பம் என்ற குடியிருப்புக்குள், கிணற்றுக்கு எதிரே, மயில் செதுக்கிய கதவு போட்ட வீடு என்றாள்.

"அப்படியானால் அந்த வீட்டுக்கு இது இரண்டாவது தடவை" என்றேன்.

"சரி அங்கிள்" என்றாள். எண்பதைத் தாண்டிய ஆள் எதையாவது உளறினால் மரியாதையுள்ள பிள்ளைகள் அப்படித்தான் ஒத்துக்கொள்வார்கள். அவளுக்குச் சொன்ன கதையை இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

மெர்டேக்கா, அதாவது நாட்டு விடுதலை, கிடைத்த புதிது. நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். பால் மரம் சீவ விருப்பமில்லாமல் டவுனுக்கு வந்து, ஒரு ரேடியோ கடையில் ஈயம் பற்றவைக்கக் கற்றுக்கொண்டு, அங்கிருந்து அரசாங்கத்தின் ஒரு சின்ன விளம்பரப் பிரிவில் ஒலிபெருக்கி உதவியாளனாக நுழைந்தேன். அந்தப் பிரிவு இப்போது இல்லை. ஒரு வேன், ஒரு படம் காட்டும் கருவி, சில ஒலிபெருக்கிகள், இவைதான் எங்கள் சொத்து. கிளேபாங் கடற்கரையில் ஒரு தடவை திரை கட்டிப் படம் காட்டினோம். பாதிக் கூட்டம் திரைக்குப் பின்னால் மணலில் உட்கார்ந்துவிட்டது. அவர்களுக்கு நம் படைவீரர்கள் எல்லோரும் இடது கையால் சலாம் வைத்தார்கள். மறுநாள் கம்பத்துப் பிள்ளைகளும் இடது கையால் வைத்தார்கள் என்று எங்களுக்குப் புகார் வந்தது.

என் மேலதிகாரி சபாரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைக் கால்சட்டை, சட்டைப்பையில் ஒரு சவரப் பிரஷ். பிரஷ் முகத்துக்கு இல்லை, டேப் ரெக்கார்டரின் தூசு தட்டுவதற்கு. பேச்சைப் பதிவு செய்யும் நாட்களில் சத்தம் வராத ரப்பர் சப்பாத்து போட்டுக்கொண்டு வருவார். அவர் பின்னால் வந்து நிற்பதே தெரியாது. வேலைக்குச் சேர்ந்த அன்று மைக்கை ஊதிப் பார்த்தேன். தோளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"தம்பி, அது கஞ்சி இல்லை, ஊதிக் குடிக்கிறதுக்கு."

அவருக்குச் சில சட்டங்கள் இருந்தன. மைக்கைத் தட்டக்கூடாது. பேசுகிறவர் வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இருக்க வேண்டும். டேப்பில் வெறும் இடம் விடவே கூடாது. கேட்கிறவன் மிஷின் செத்துப்போனது என்று நினைத்து எழுந்து போய்விடுவான். இவையெல்லாம் நேரடிச் சட்டங்கள். மறைமுகமான ஒன்றும் உண்டு. யாராவது கிறுக்குத்தனமாக ஒரு யோசனை சொன்னால் "அப்பிடியும் செய்யலாம்" என்பார். அதற்கு அர்த்தம், உயிர் போனாலும் செய்ய மாட்டேன் என்பது. இது எங்கள் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். வெளியாட்களுக்குத் தெரியாது. இந்தக் கதையில் வந்த வினையெல்லாம் அதனால்தான்.

புது நாடு, நம் கலையை நம் மக்களே அறிய வேண்டாமா என்று மேலிடத்தில் ஒருவருக்குத் தோன்றியது. பழைய வீடுகளில் உள்ள படங்களையும் சிற்பங்களையும் சில நாட்கள் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவது, ஒவ்வொரு படமும் தன் கதையைத் தானே பேசுவது என்று உத்தரவு வந்தது. எங்கள் பங்குக்கு வந்தது அந்த மயில் கதவு வீடு.

மலாக்கா செட்டிகள் என்றதும் வட்டிக் கடையை நினைக்க வேண்டாம். அவர்கள் வேறு, இவர்கள் வேறு. பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து, இங்கேயே பெண் எடுத்து, சாமி நம் சாமியாகவும் பேச்சு மலாயாகவும் ஆகிவிட்ட மக்கள். திருநீறு பூசிக்கொண்டு மலாயில் சண்டை போடுவார்கள். நான் தமிழில் பேசினால் அந்த வீட்டில் சிரிப்பார்கள், நான் மலாய் பேசினால் இன்னும் அதிகமாகச் சிரிப்பார்கள். அவர்கள் மலாயில் சொன்னதை இங்கே என் தமிழில் தருகிறேன். சத்தம் போட்ட இடங்களைக் கொஞ்சம் குறைத்திருக்கிறேன்.

கூடத்துச் சுவரில் ஆறு படங்கள். முதலாவது கண்ணாடியில் தீட்டிய கிருஷ்ணன். தீட்டியவர் உள்ளூர்க்காரர் போல, கிருஷ்ணனுக்குப் பாத்திக் சாரோங் கட்டிவிட்டிருந்தார். இரண்டாவது ஒரு கப்பல். மூன்றாவதுதான் பெரிய படம். எண்ணெய் வர்ணத்தில், ஆள் உயரத்தில், நாற்காலியில் ஒரு பெரியவர். வெள்ளை பாஜு சட்டை, சாரோங், தலைப்பாகை, கையில் குடை. ஏதோ ஒரு கப்பலில் வந்த வெள்ளைக்கார ஓவியர் தீட்டியதாம். மற்ற மூன்றும் மணி வேலைப்பாடு, பட்டுத் தையல், மரச்சிற்பம்.

ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு ஸ்பீக்கர் பெட்டி வைத்தோம். பூச்செதுக்கிய மரத் தடுப்புக்குப் பின்னால் ரெக்கார்டரும் நானும். டேப்பில் ஒவ்வொரு படத்தின் பேச்சுக்கும் நடுவில் ஒரு வெள்ளைத் துண்டு ஒட்டியிருக்கும். ஆள் வந்து படத்துக்கு முன் நின்றதும், தடுப்பின் ஓட்டை வழியாகப் பார்த்து, குமிழை அந்தப் படத்துக்குத் திருப்பி, டேப்பை ஓடவிட வேண்டும். வெள்ளைத் துண்டு வந்ததும் நிறுத்த வேண்டும். வருகிறவர்கள் வரிசையாகப் பார்த்தால் சுகமான வேலை. யார் வரிசையாகப் பார்த்தார்கள்? கிருஷ்ணனைப் பார்த்துவிட்டு நேரே மரச்சிற்பத்துக்கு ஓடுவார்கள். நான் டேப்பை விரட்டினால் வாத்துக் கூட்டத்தை மிதித்த மாதிரி சத்தம் வரும். ஒத்திகை பார்த்தபோது பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவர் கிருஷ்ணன் பேசி முடிக்கும் வரை கைகட்டிக் கேட்டார். பிறகு காணாமல் போன தன் தோட்டைப் பற்றி அவரிடம் விசாரித்தார்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. சிக்கல் மூன்றாவது படத்தில் இருந்தது. மேலிடத்தில் எழுதி அனுப்பிய பேச்சில், "இந்த வீட்டைக் கட்டிய" என்று ஆரம்பித்து, பெயர் வர வேண்டிய இடம் காலியாக இருந்தது. வீட்டாரிடம் கேட்டு நிரப்பச் சொல்லியிருந்தார்கள். கேட்டோம்.

அந்த வீட்டில் இரண்டு பங்காளிகள். பெண்களுக்கு பீபீ, ஆண்களுக்கு பாபா என்பது அங்கே மரியாதை. பின்கட்டில் பீபீ மீனாச்சி, ஐம்பது தாண்டியவர், கணவர் இல்லை. முன்கட்டில் பாபா கந்தசாமி, அவரைவிடச் சற்று மூத்தவர், கல்யாணமே செய்துகொள்ளாதவர். பெரிய நாயக்கர், சின்ன நாயக்கர் என்று இரண்டு சகோதரர்கள் சேர்ந்து கட்டிய வீடு அது. மீனாச்சி பெரியவர் வழி, கந்தசாமி சின்னவர் வழி. படத்தில் இருப்பது பெரிய நாயக்கர் என்று மீனாச்சி சொன்னார். சின்ன நாயக்கர் என்று கந்தசாமி சொன்னார்.

"சின்னவருக்கு இடது கன்னத்துல மச்சம் இருந்துச்சு. ஊருக்கே தெரியும். படத்துல பாரு, மச்சம் இருக்கா இல்லியா?" என்றார் கந்தசாமி.

"அது மச்சமில்ல. ஈ போட்ட எச்சம்" என்றார் மீனாச்சி.

உண்மையிலேயே இடது கன்னத்தில் ஒரு கரும்புள்ளி இருந்தது. ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்தால் வழக்குத் தீர்ந்துவிடும். அதனாலேயே அந்தப் படத்தைத் துடைக்க யாரையும் இருவரும் விடுவதில்லை. மற்ற ஐந்து படங்களும் பளபளத்தன; இவர் மட்டும் புழுதி படிந்து உட்கார்ந்திருந்தார். சபாரத்தினம் அவரைப் பார்க்கும்போதெல்லாம் கை சட்டைப்பைப் பிரஷுக்குப் போகும், திரும்பி வரும்.

இந்தச் சண்டையில் அந்த வீட்டில் பர்ச்சு இரண்டாகிவிட்டிருந்தது. பர்ச்சு என்பது முன்னோரை அழைத்து விருந்து வைக்கும் நாள். இலை போட்டு, அவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் பரிமாறி, விளக்கேற்றி, சாம்பிராணி போட்டு, வாருங்கள் என்று கும்பிட்டுவிட்டு எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்திவிடுவார்கள். அவர்கள் கூச்சமில்லாமல் சாப்பிட வேண்டுமே. கந்தசாமி முன்கூடத்தில் ஒரு இலை போட்டார், மீனாச்சி பின்கட்டில் ஒரு இலை போட்டார். படத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் ஒரே நாளில் இரண்டு விருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போயிருக்க வேண்டும்.

"உங்க மிஷின் மட்டும் சின்னவர்னு சொல்லட்டும்" என்று மீனாச்சி சபாரத்தினத்திடமே சொல்லிவிட்டார். "அன்னைக்கே என் குத்துவிளக்க எடுத்துக்கிட்டு பத்து பெரெண்டாம் ஊர்ல மக வீட்டுக்குப் போயிடுவேன். அரசாங்கமே சொல்லிட்ட பிறகு எனக்கு இங்க என்ன வேல?"

வேறு பெயர் சொன்னால் கதவையே திறக்க மாட்டேன் என்றார் கந்தசாமி. மிஷின் சொன்னால் அதுதான் முடிவு என்று இருவருமே நம்பிவிட்டதுதான் எங்களுக்கு வந்த ஆபத்து. சுவரில் இருந்த வாய்ச்சண்டை எங்கள் ஸ்பீக்கரில் ஏறினால் வீடு நிஜமாகவே இரண்டாகிவிடும்.

அதற்குள் என்னைக் கவனிக்க ஆரம்பித்துவிட்டார்கள். காலையில் பின்கட்டிலிருந்து தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக். பத்து மணிக்கு முன்கட்டிலிருந்து டோடோல் இனிப்பு. மத்தியானம் மீனாச்சியின் பிண்டாங் மீன் குழம்பு. அதற்கு நான் எந்தப் பெயரையும் சொல்லத் தயாராக இருந்தேன். சபாரத்தினத்திடம் இதைச் சொன்னேன். அவர் யோசித்தார்.

"சாப்பிடும். ஆனால் நீர் ரெண்டு பக்கமும் சமமாய்ச் சாப்பிடும். ஒரு பக்கம் கூடிச்சுதெண்டால் அரசாங்கம் சாய்ஞ்சு போச்செண்டு கதை வரும்."

நான் அரசாங்கத்துக்காக இரண்டு மடங்கு சாப்பிட்டேன். கால்சட்டையின் இடுப்பை இரண்டு முறை பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று.

பழங்கள் குவியும் பருவத்தில் வரும் பர்ச்சு நெருங்கியது. அதற்கடுத்த வாரம் திறப்பு. ஒரு நாள் மீனாச்சி தடுப்புக்குப் பின்னால் வந்து ரெக்கார்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது யார் பேசினாலும் கேட்டு வச்சிக்கிடுமா?"

"கேட்டுக்கும் பீபீ."

"பர்ச்சு அன்னைக்கு மோயாங் சாப்பிட வருவார். சாப்பிடுறப்ப நாலு வார்த்த பேசாமலா இருப்பார்? இத இலைகிட்ட வச்சிடு. யாருன்னு அவரே சொல்லட்டும்."

மோயாங் என்றால் முப்பாட்டனார். முன்கட்டிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த கந்தசாமி உடனே வந்து, அதுதான் சரி என்றார். பல வருடங்களில் அவர்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதானாம். இருவரும் சபாரத்தினத்தைப் பார்த்தார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்பிடியும் செய்யலாம்" என்றார்.

அவர்கள் மகிழ்ச்சியோடு இலை வெட்டப் போய்விட்டார்கள். சபாரத்தினத்தின் முகம் போன போக்கை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கும் பழக்கமும் அவருக்கு இல்லை.

எங்களிடம் இருந்த நல்ல மைக் ஒன்றுதான். மைக் ஒன்று என்றால் இலையும் ஒரே இடத்தில்தான் போட முடியும். ஆக, அந்த வருடம் பர்ச்சு முன்கூடத்தில் ஒன்றாக நடந்தது, மூன்றாவது படத்துக்கு நேர் கீழே. ரம்புத்தான், மங்குஸ்தீன், டுரியான் எல்லாம் கந்தசாமி குவித்தார். சமையல் முழுவதும் மீனாச்சி. உப்பைப் பற்றி ஒரு சண்டை, இலையின் நுனி எந்தப் பக்கம் என்று ஒரு சண்டை. ஆனால் ஒரே இலைக்குப் பக்கத்தில் நின்றுதான் போட்டார்கள்.

சபாரத்தினம் வழக்கம்போல வீட்டார் எல்லோருக்கும் சட்டத்தைச் சொன்னார். பக்கத்தில் நின்று தும்மாதீர்கள், ஒரு சாணுக்குள் பேசினால்தான் விழும், தள்ளி நின்றால் விழாது. பிறகு என் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னார்.

"தம்பி, பெரியவருக்கு மைக் பழக்கம் இருக்காது. ஒரு சாண் கணக்கெல்லாம் அவருக்குச் சொல்ல ஏலாது. குமிழை முழுக்கத் திருப்பி வையும்."

அவர் கிண்டலாகச் சொன்னாரா, வேலை சுத்தத்துக்குச் சொன்னாரா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. முழுக்கத் திருப்பி, டேப்பை ஓடவிட்டு, நானும் வெளியே வந்தேன். கந்தசாமி மயில் கதவைச் சாத்தினார். நாங்கள் முற்றத்தில் காத்திருந்தோம். நடுவில் மீனாச்சி அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒரு தடவை போனார். அவர் வந்த பிறகு கந்தசாமி வெற்றிலைப் பெட்டியைத் தேடிக்கொண்டு போனார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கதவைத் திறந்து, கும்பிட்டு முடித்ததும், குடும்பம் மொத்தமும் ரெக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்தது. டேப்பை ஆரம்பத்துக்குச் சுற்றி ஓடவிட்டேன். என் இருமல். காலடிச் சத்தம். கதவு சாத்தும் சத்தம். பிறகு வெகு நேரம் கிணற்றடித் தவளைகள் மட்டும். திடீரென்று தொப்பென்று ஒரு சத்தம். பர்ச்சுக்கு வந்திருந்த மீனாச்சியின் மகள் கந்தசாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். டுரியான் உருண்டதுதான். பிறகு கீச்சென்று ஒரு கதவு திறந்தது. எல்லோரும் நிமிர்ந்தார்கள். ஒரு குரல் கிசுகிசுத்தது. மீனாச்சியின் குரல்.

"மோயாங், நீங்க யாருன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. எங்கம்மா பெரியவர்னு சொன்னா, நானும் சொல்லிட்டேன். நீங்க சின்னவரா இருந்தா தயவுசெஞ்சி வாயத் திறக்காதீங்க. எனக்கு பத்து பெரெண்டாம் போக இஷ்டமில்ல. அங்க அடுப்பு மகளோடது. பிண்டாங்ல காரம் கம்மிதான். கந்தசாமிக்கு வயிறு ஆகாது. சாப்பிடுங்க."

கதவு மறுபடி கீச்சிட்டது. கூடத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. மீனாச்சி தன் முந்தானை நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டேப்பை நிறுத்தலாமா என்று சபாரத்தினத்தைப் பார்த்தேன். அவர் பதில் சொல்வதற்குள் டேப்பில் வேறொரு கதவு திறந்தது. கந்தசாமி எழுந்திருக்கப் பார்த்தார், அதற்குள் அவர் குரலே வந்துவிட்டது.

"மோயாங், சின்ன வயசுல நாற்காலி போட்டு ஏறி உங்க மூஞ்சிய கிட்டக்கப் பார்த்திருக்கேன். மச்சமா எச்சமான்னு எனக்கு அப்பவே தெரியல. நீங்க சின்னவர்தான்னாலும் சொல்லிடாதீங்க. சொன்னா அவ போயிடுவா. அவ போயிட்டா இந்த வீட்ல சண்ட போட எனக்கு யாரு இருக்கா?"

அதன் பிறகு தவளைகள். டேப் தீர்ந்து, சுருள் வெறுமனே சுற்றி டப் டப்பென்று அடித்துக்கொண்டிருந்தது. என் கை நிறுத்தப் போகவில்லை. சபாரத்தினம் எழுந்து வந்து அவரே நிறுத்தினார்.

"சத்தம் தெளிவாய் விழுந்திருக்கு" என்றார்.

மீனாச்சி விருட்டென்று எழுந்து பின்கட்டுக்குப் போனார். குத்துவிளக்கை எடுக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். தட்டுகளோடு திரும்பி வந்தார். "சோறு ஆறுது" என்று கந்தசாமியின் முன்னால் முதல் தட்டை வைத்தார். அவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். காரம் பற்றாது என்று கொஞ்ச நேரத்தில் முணுமுணுத்தார். அதற்கு மீனாச்சி கொடுத்த பதிலை நான் இங்கே எழுத முடியாது. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது, வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன்.

அந்த டேப்பை நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை. சபாரத்தினம் சொன்னபடி அதன் மேலேயே கொசு ஒழிப்பு அறிவிப்பைப் பதிவு செய்தேன். அழிக்கும்போது வருத்தமாகத்தான் இருந்தது. என் வேலைக் காலத்தில் அதைவிட நல்ல பதிவு எதுவும் அமையவில்லை.

திறப்பு நாளில் பெரிய மனிதர்கள் வந்தார்கள். மூன்றாவது படத்துக்குக் குமிழைத் திருப்பினேன். "இவர் இந்த வீட்டின் முன்னோர். இவரைப் பற்றி இந்த வீட்டாரிடமே கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு ஸ்பீக்கர் அடங்கியது. டேப்பில் வெறும் இடம் கூடாது என்ற சட்டத்தை சபாரத்தினம் தம் கையாலேயே மீறியிருந்தார். படத்தின் இடப்பக்கம் மீனாச்சி, வலப்பக்கம் கந்தசாமி. இருவரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். மச்சம், எச்சம், மச்சம், எச்சம். மற்ற ஐந்து படங்களையும் விட்டுவிட்டுக் கூட்டம் அங்கேயே நின்றது.

செல்வியிடம் கதையை இந்த இடத்தில் முடித்தேன். அவள் சிரித்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினாள்.

"அங்கிள், எங்க கேமரா ரொம்ப பவர். வர்ணம் எது, அழுக்கு எதுன்னு தொடாமலே பிரிச்சிக் காட்டிடும். அந்தப் புள்ளி என்னன்னு எனக்கு இப்பத் தெரியும்."

எனக்கு வாய் வரை வந்துவிட்டது. அறுபது வருடத்துக்கு மேல் வயிற்றில் கிடக்கும் கேள்வி.

"சொல்லாதேம்மா" என்றேன்.

"தெரியும் அங்கிள், யாருக்கும் சொல்லல. இப்ப அந்த வீட்ல ஒரு அக்காவும் ஒரு அண்ணனும் இருக்காங்க. பெரிய நாயக்கர் வழி ஒண்ணு, சின்ன நாயக்கர் வழி ஒண்ணு. தினமும் இதே சண்டதான். ஆனா வேலைய முடிச்சிட்டுக் கிளம்புறப்ப அக்கா என்னை சமையக்கட்டுக்குக் கூப்பிட்டாங்க. கேமராவுல தெரிஞ்சாலும் போட்டுடாதே தங்கச்சின்னு மெதுவா சொன்னாங்க. கார்கிட்ட வந்தா அண்ணன் நிக்கிறாரு. அவரும் அதேதான்."

போனில் இரைச்சல் எதுவும் இல்லை. சபாரத்தினம் என் தோளுக்குப் பின்னால் ரப்பர் சப்பாத்தோடு வந்து நிற்பது போல இருந்தது. அவர் சொல்ல வேண்டியதை அவருக்குப் பதிலாக நானே சொன்னேன்.

"சத்தம் தெளிவாய் விழுந்திருக்கு."